பழைய கணினியில் புதிய பாகங்கள்

1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியைச் சீரமைக்கும்போது, நவீன பாகங்களை எதுவரை அனுமதிக்கலாம் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. மின்வழங்கியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. பிசின் ஊற்றி மூடப்பட்ட அந்தப் பழைய பெட்டியில் வெப்பம் எளிதில் வெளியேறாது; உள்ளிருக்கும் மின்னழுத்தச் சீராக்கி நாளடைவில் பழுதடைந்தால், 5 வோல்ட்டாக இருக்க வேண்டிய மின்னழுத்தம் எகிறி நினைவகச் சில்லுகளை எரித்துவிடக்கூடும் என்பதால், அதையே தொடர்ந்து பயன்படுத்துவதை வெறும் பிடிவாதம் என்றே சொல்வேன்.

ஒலி என்று வரும்போது மனம் மாறுகிறது. பாப் யானஸ் வடிவமைத்த 6581 சிட் (SID) என்ற ஒலிச் சில்லில், ஒலியின் தன்மையை மாற்றும் வடிப்பான் அனலாக் முறையில் இயங்குவது. சில்லுக்குச் சில்லு அது வேறுபடுவதால், ஒரே இசை இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகக் கேட்கும். அதைப் போலச் செய்யும் இன்றைய மாற்றுச் சில்லுகளும் நன்றாகவே ஒலிக்கின்றன. ஆயினும் அசல் உயிரோடு இருக்கும்வரை அதைக் கழற்ற எனக்குக் கை வராது.

நெகிழ்வட்டுக்குப் பதிலாக எஸ்டி அட்டையைப் பயன்படுத்துவதில் ஆட்சேபணை இல்லை (வட்டுகளே பூஞ்சை பிடித்துக் கிடக்கும் காலம் இது). ஆனால் எதைச் சேர்த்தாலும், தாய்ப்பலகையின் தடங்களை அறுக்காமல், நாளை பழையதைத் திரும்பப் பொருத்தும்படி இருக்க வேண்டும். கழற்றிய பாகங்களைப் பெயரெழுதி ஒட்டி, தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.