எல்லைக்கு அந்தப் பக்கம் யார் செலவு செய்வது?

பக்கத்துப் பக்கத்து ஊர்களின் நிலப் பயன்பாட்டு வரைபடங்களை அருகருகே வைத்து ஓரங்களைப் பொருத்திப் பார்ப்பது என் அன்றாட வேலை. பல உள்ளாட்சிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட ஒரு திட்டமிடல் குழுவில் நகரமைப்பாளராக இருக்கிறேன். ஒவ்வொரு வரைபடத்தையும் தனியாகப் பார்த்தால் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஓரங்களைச் சேர்த்து வைக்கும்போதுதான் சிக்கல் கண்ணில் படும். ஓர் ஊர் குடியிருப்பு என்று மஞ்சள் பூசிய இடத்துக்கு நேர் எதிரே, அடுத்த ஊர் தொழிற்பேட்டை என்று ஊதா பூசியிருக்கும். 30 மீட்டர் அகலத்தில் வரும் சாலை எல்லையைத் தாண்டியதும் 18 மீட்டராகிவிடும். மழைநீர் வடிகால் ஒன்று மிகச் சரியாக எல்லைக்கோட்டில் நின்றுபோகும். அதன் பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது இரண்டு வரைபடங்களிலும் இருக்காது.

இதை வரைந்தவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு மன்றம் தன் எல்லைக்குள் இருக்கும் வாக்காளருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்; தன் எல்லைக்குள் வசூலாகும் வரியை நம்பித்தான் செலவு செய்ய வேண்டும். தொழிற்சாலை உள்ளே வந்தால் வரி வரும். அதன் லாரிகளும் புகையும் பக்கத்து ஊர் வழியாகப் போனால், அந்தச் செலவு யாருடைய கணக்கிலும் ஏறாது. ஆகவே வரி தருவதை ஊர் நடுவிலும் தொல்லை தருவதை ஊர் ஓரத்திலும் வைப்பது எல்லா ஊர்களிலும் இயல்பாக நடக்கிறது. 'பரந்த மனதோடு சிந்தியுங்கள்' என்று தலைவர்களுக்கு அறிவுரை சொல்வதால் இது மாறிவிடாது. வரவும் செலவும் எல்லை தாண்டிப் பகிரப்படும்போதுதான் மாறும். இத்தனை காலம் இந்த வேலையில் இருந்து நான் உறுதியாக நம்பும் ஒரே விஷயம் இதுதான்.

கூட்டுக்குழுவின் கூட்டங்களில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். நிகழ்ச்சி நிரலின் முதல் பொருள் தொலைநோக்கு அறிக்கையாக இருக்கும். பசுமை, வளர்ச்சி, ஒருங்கிணைப்பு என்று எல்லோரும் பேசுவார்கள், ஒருமனதாக நிறைவேறும். செலவுப் பங்கீடு கடைசிப் பொருளாக வரும். அதற்குள் பல தலைவர்கள் வேறு நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிட்டிருப்பார்கள். 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறும். இந்த வரிசையை மாற்றச் சொல்லி நான் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பங்கீட்டை முதலில் பேசிவிட்டால், மீதிப் பேச்சில் தானாகவே ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

ஒருமுறை, மூன்று ஊர்கள் வழியாகப் போகும் பெரிய வடிகால் பற்றிய பேச்சில் இதைக் கண்ணால் பார்த்தேன். மேட்டில் இருக்கும் ஊரின் தலைவர், "தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் போகும்; அதற்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்றார். தாழ்வில் இருக்கும் ஊரின் தலைவி அமைதியாகப் பதில் சொன்னார்: "ஐயா, முன்பு உங்கள் மண் குடித்த தண்ணீரைத்தான் இப்போது உங்கள் சிமென்ட் தளம் எங்கள் வீடுகளுக்குள் தள்ளுகிறது." இப்படியே பேசிக்கொண்டிருந்தால் வாக்குவாதம் முற்றியிருக்கும். எங்கள் பொறியாளர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வோர் ஊரிலும் கட்டடமும் தார்ச்சாலையும் மூடிய நிலம் எவ்வளவு என்று அளந்து, அந்த விகிதத்தில் செலவைப் பிரிக்கலாம் என்றார். அளந்தோம். பட்டியல் மேசைக்கு வந்ததும் பேச்சின் தொனியே மாறியது. 'ஏன் கட்ட வேண்டும்' என்ற கேள்வி போய், 'எங்கள் பங்கைக் குறைக்க என்ன செய்யலாம்' என்ற கேள்வி வந்தது. மேட்டு ஊர் தன் வாகன நிறுத்துமிடங்களில் நீர் உறிஞ்சும் தளம் போடச் சம்மதித்தது. அதைச் செய்தால் பங்கு குறையும் என்று உடன்படிக்கையிலேயே எழுதினோம்.

செலவை உண்டாக்குபவர் செலவைச் சுமக்க வேண்டும் என்ற இந்த யோசனை புதியதல்ல. ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் அவற்றைச் சுற்றி எழுந்த நகரங்களும் தங்கள் கழிவு முழுவதையும் அதில் கொட்டின. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் அமிழ்ந்தது, ஆற்றின் ஓட்டம் தடுமாறி, கழிவுநீர் ஊர்களுக்குள் தேங்கியது, டைஃபாய்டு பரவியது. நிலத்தடியில் குழாய் பதித்தால், மண் இறங்கும்போது அது உடைந்துவிடும். எந்த நகரமும் தனியாகத் தீர்க்க முடியாத பிரச்சினை அது. மேலே இருக்கும் ஊர் என்ன செய்தாலும் கீழே இருக்கும் ஊர்தான் அனுபவிக்கும்.

1899-இல் எம்ஷர் கூட்டமைப்பு உருவானது. 1904-இல், அந்தப் பகுதியை அப்போது ஆண்ட பிரஷிய அரசு அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நகரங்கள் மட்டுமின்றிச் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர்கள். யாரால் எவ்வளவு பாதிப்பு, யாருக்கு எவ்வளவு பயன் என்று கணக்கிட்டுப் பங்குத்தொகை விதித்தார்கள். ஆற்றை நேராக்கி, கரைகட்டி, திறந்த கழிவுநீர்க் கால்வாயாக மாற்றினார்கள். ஓர் ஆற்றைச் சாக்கடையாக்கியதை நினைத்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றைய நிலையில் உயிர்களைக் காத்தது அந்த ஏற்பாடு. சுரங்கங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டு, நிலம் இறங்குவது நின்ற பிறகு, அதே கூட்டமைப்பு 1992 முதல் ஆற்றை மீட்கும் பணியைத் தொடங்கியது. டார்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை நிலத்தடியில் 51 கிலோமீட்டர் நீளக் கழிவுநீர்க் குழாயை அமைத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 550 கோடி யூரோ. 2021-இன் இறுதியில் ஆற்றில் கழிவுநீர் கலப்பது நின்றது. பேரரசு போய், இரண்டு உலகப் போர்கள் முடிந்து, நாடு பிரிந்து, மறுபடி சேர்ந்து, அத்தனைக்கும் நடுவில் அந்தக் கூட்டமைப்பு நீடித்தது. தன் சொந்த வருவாயும் சட்டத்தின் பலமும் அதற்கு இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

செலவைப் பகிர்வதைவிட வரவைப் பகிர்வது கடினம். அதைச் செய்துகாட்டியது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஏராளமான சிறு நகராட்சிகள் இருக்கின்றன. வணிக வளாகமும் அலுவலகமும் தங்கள் எல்லைக்குள் வர வேண்டும் என்று அவை ஒன்றோடொன்று முட்டி மோதின. 1971-இல் மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு நகராட்சியின் வணிக, தொழில் சொத்துகளின் வரி மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும், அந்த உயர்வில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகும். தொகுப்பிலிருந்து மக்கள்தொகையையும், தலா சொத்து மதிப்பையும் பார்த்து எல்லா ஊர்களுக்கும் பங்கு பிரிக்கப்படும். சொத்து மதிப்பு குறைந்த ஊருக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

பர்ன்ஸ்வில் என்ற புறநகர் எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்து, இன்றுவரை தொடர்கிறது. பெரிய அமெரிக்க வணிக வளாகங்களில் ஒன்றான மால் ஆஃப் அமெரிக்கா இருக்கும் புளூமிங்டன் கொடுக்கும் பக்கத்திலும், செயின்ட் பால் நகரம் பெறும் பக்கத்திலும் நிற்கின்றன. இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஏற்கெனவே இருந்த வரி மதிப்பில் அவர்கள் கைவைக்கவில்லை. இனி வரப்போகும் உயர்வில் மட்டும், அதிலும் பாதிக்கும் குறைவாக, பங்கு கேட்டார்கள். கையில் இருப்பதைக் கொடு என்றால் எந்த மன்றமும் ஒப்புக்கொள்ளாது. இன்னும் வராததில் பங்கு கேட்டால் பேச்சுக்கு இடம் உண்டு.

பிரான்ஸ் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. அங்கே சுமார் 35,000 கம்யூன்கள், அதாவது தனி மேயரும் மன்றமும் கொண்ட அடிமட்ட உள்ளாட்சிகள், இருக்கின்றன. பலவற்றில் சில நூறு பேர்தான் வாழ்கிறார்கள். அவற்றை ஒன்றாக இணைக்கப் பலமுறை முயன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஊரின் பெயரையும் மேயரையும் விட்டுக்கொடுக்க மக்களுக்கு மனமில்லை. 1890-லேயே கம்யூன்கள் சேர்ந்து ஒரு பணியைச் செய்யச் சட்டம் வழிவிட்டிருந்தது. 1999-இல் வந்த சட்டம் மேலும் ஒரு படி போனது: புதிய நகரக் கூட்டமைப்புகள் தொழில் வரியை ஒரே விகிதத்தில் தாங்களே வசூலிக்க வேண்டும் என்றது. ஊருக்கு ஊர் வரியைக் குறைத்துக் கம்பெனிகளை இழுக்கும் போட்டிக்கு அந்தக் கூட்டமைப்புக்குள் இடமில்லாமல் போனது. வரி வருமானத்தை இழக்கும் கம்யூனுக்கு, ஒப்படைத்த பணிகளின் செலவைக் கழித்துக்கொண்டு, கூட்டமைப்பு ஈட்டுத்தொகை கொடுத்துவிடும். சேர்ந்த அன்றே யாரும் நஷ்டப்பட வேண்டியதில்லை. எங்கள் கூட்டங்களில் ஒவ்வொரு தலைவரும் வாய்விட்டுச் சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் அச்சத்துக்கு நேரடியான பதில் இது.

பணத்துக்கு அடுத்து வருவது வாக்கு. பெரிய நகரத்துக்கும் சின்ன ஊருக்கும் ஒரே ஒரு வாக்கு என்றால் பெரியவர் வரமாட்டார்; மக்கள்தொகைப்படி வாக்கு என்றால் சின்னவர் எதற்கு வர வேண்டும்? கனடாவில் வான்கூவரும் அதைச் சுற்றியுள்ள நகராட்சிகளும் சேர்ந்த மெட்ரோ வான்கூவர் அமைப்பில் 20,000 பேருக்கு ஒரு வாக்கு என்று கணக்கு, ஆனால் ஓர் உறுப்பினர் கையில் ஐந்து வாக்குகளுக்கு மேல் இருக்காது. அதற்கு மேல் மக்கள்தொகை இருந்தால் உறுப்பினர்களைக் கூட்டிக்கொள்ளலாம். வட்டார வளர்ச்சித் திட்டத்தை ஏற்கும்போது பெரும்பான்மை வாக்கு மட்டும் போதாது, சம்பந்தப்பட்ட நகராட்சிகள் ஒவ்வொன்றின் மன்றமும் ஒப்ப வேண்டும். 2011-இல் கோகிட்லம் நகராட்சி முதலில் மறுத்துவிட, சமரசப் பேச்சு நடத்திய பிறகே திட்டம் நிறைவேறியது. தாமதம்தான். ஆனால் ஒப்புக்கொண்ட நகராட்சி, தன் சொந்த நகரத் திட்டம் இந்த வட்டாரத் திட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று தனி அறிக்கை எழுதியாக வேண்டும். ஓரங்களைப் பொருத்திப் பார்க்கும் என் போன்றவர்களுக்கு அந்த அறிக்கை எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

'இத்தனை பாடு எதற்கு, எல்லா ஊர்களையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கிவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. டொரான்டோவில் 1954 முதல் மெட்ரோ என்ற கூட்டு அமைப்பு இருந்தது. வளரும் புறநகர்களின் சாலைக்கும் குடிநீருக்கும் பொதுவான வரித்தளத்திலிருந்து செலவு செய்தது. 1998-இல் மாகாண அரசு அதையும் அதன் ஆறு நகராட்சிகளையும் கலைத்து ஒன்றாக்கியது. முந்தைய ஆண்டு அந்த ஆறு நகராட்சிகளிலும் நடந்த வாக்கெடுப்பில் முக்கால் பங்குக்கு மேல் எதிர்ப்பு. அதன் பிறகும், அந்தப் பெரிய மாநகராட்சிக்கு வெளியே புறநகர்கள் பரந்து கிடந்தன. அவற்றோடு மறுபடியும் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. எல்லையைத் தள்ளி வைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

தலைவர்களின் நட்பை மட்டும் நம்பியிருக்கும் கூட்டுறவு பற்றியும் சொல்ல வேண்டும். பிரேசிலின் சாவோ பாலோ நகரை ஒட்டிய ஏபிசி தொழில் வட்டாரத்தில் ஏழு நகராட்சிகள் 1990-இல் கூட்டமைப்பு தொடங்கின. சான்டோ ஆண்ட்ரே மேயர் செல்சோ டானியல் அதன் முன்னணியில் இருந்தார். 1993-இல் மேயர்கள் மாறியதும் வேகம் தளர்ந்தது. 1997-இல் அவர் மறுபடி பதவிக்கு வந்த பிறகே உயிர் பெற்றது. 2005-இல் அந்த நாடு பொதுக் கூட்டமைப்புகளுக்கெனச் சட்டம் இயற்றியது. எந்த நகராட்சி எவ்வளவு கொடுக்கும் என்பதைத் தனி ஒப்பந்தமாக எழுதி, தன் வரவுசெலவுத் திட்டத்திலும் காட்ட வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. மேயர் மாறினாலும் தாள் மாறாது.

எனக்கு இன்னும் நிறைவு தராத இடம் ஒன்று இருக்கிறது. கூட்டமைப்பு வலுப்பெறும் அளவுக்கு அது மக்களிடமிருந்து தள்ளிப்போகிறது. குப்பை எங்கே போக வேண்டும், பஸ் எந்த வழியில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தங்கள் கவுன்சிலரைத் திட்டுவார்கள், அவரோ கூட்டுக்குழுவைக் கைகாட்டுவார். மினியாபொலிஸ் வட்டாரத்தில் பொதுத் திட்டமிடலைக் கவனிக்கும் பெருநகரக் குழுவின் உறுப்பினர்களை நியமிப்பது மாநில ஆளுநர். அதன் மீதான முணுமுணுப்பு ஓயவே இல்லை. பிரான்ஸில் 2014 முதல், ஓரளவு பெரிய கம்யூன்களில், ஊர் மன்றத் தேர்தலின் அதே வாக்குச்சீட்டிலேயே கூட்டமைப்பின் மன்றத்துக்குப் போகிறவர்கள் யார் என்றும் அச்சிடுகிறார்கள். வாக்களிப்பவருக்கு அந்தப் பெயர் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எங்கள் குழுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், செலவுப் பங்கீட்டில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை ஒவ்வொரு ஊர் மன்றத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்று நான் எழுதிய குறிப்பு இப்போது தலைவர்களின் பரிசீலனையில் இருக்கிறது.