மூட்டை கட்டி வைத்தவர்

சேலம் மத்திய சிறையில் காவலராக இருந்த காலத்தில் கைதிகளின் பக்தி மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் வாரத்தில் பிளாக்கில் திருநீறும் ஜெபமும் பெருகும். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். மனு தள்ளுபடியானால் வக்கீலோடு சேர்த்து அம்மனுக்கும் வசவு விழும். துன்பம் வந்தாலே மனிதன் கடவுளிடம் போய்விடுவான் என்பதும் சரியல்ல. 1950 பிப்ரவரி 11 அன்று இதே சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட 22 கம்யூனிஸ்டுகளை நிமிர்ந்து நிற்க வைத்தது வேறு நம்பிக்கை.

என் எண்ணத்தை அசைத்தவர் ஓர் ஆயுள் கைதி. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியவர். 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டி, ஏழு ஆண்டுகள் முடித்த ஆயுள் கைதிகளை அரசு விடுவித்தது. தமிழகச் சிறைகளிலிருந்து 1,405 பேர் வெளியே போனார்கள். இவருக்குச் சில மாதங்கள் குறைந்தன. துணிமூட்டையைக்கூடக் கட்டி வைத்திருந்தார், பாவம்.

அதன்பின் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர்கள் மேல் ஒரு கண் வைத்திருப்பது எங்கள் வேலை. அதனால்தான் அவர் வேதாகமம் படிக்கத் தொடங்கியது தெரிந்தது. ஓர் இரவுப் பணியில் அவரே பிலிப்பி பட்டணத்துக் கதையைச் சொன்னார். சிறையில் அடைபட்ட கிறிஸ்தவப் போதகர்கள் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடுகிறார்கள், நிலம் அதிர்ந்து கதவுகள் திறக்கின்றன, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று பயந்த சிறைக்காவலன் தன்னையே வெட்டிக்கொள்ள வாளை உருவுகிறான். எனக்கு அந்தக் காவலன் மேல்தான் பரிதாபம் வந்தது. கைதி தப்பினால் எங்களுக்கு சஸ்பெண்ட். அவனுக்கு உயிரே போகும்.

“உனக்கும் கதவு திறக்கும் என்று பார்க்கிறாயா?” என்றேன்.

“இல்லைங்க ஐயா. பிலிப்பி ஊர்க்காரர்களுக்குப் பிற்பாடு கடிதம் எழுதும்போதும் பவுல் காவலில்தான் இருந்தார். அப்போது எந்தக் கதவும் திறக்கவில்லை. சந்தோஷமாக இருங்கள் என்றுதான் எழுதுகிறார். எனக்கு அந்தக் கடிதம் போதும்.”

வசனம் சொல்கிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். அதற்காக அவரை நம்பிவிடவில்லை. சிறைக் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கென்று பிடிப்பார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். இவரோ அந்தப் பணம் பங்காளியின் மனைவி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அலுவலகத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விடுதலை கேட்டும் ஆண்டுதோறும் மனு கொடுத்தார். மூட்டை மட்டும் கட்டவில்லை.