எருக்கஞ்செடிக்கு வந்தவை: ஈசூன் தோட்டத்து நாட்குறிப்பு

மே 4

காலை எட்டு மணியளவில், சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்புறமுள்ள சமூகத் தோட்டத்தில் எருக்கஞ்செடியைச் சுற்றிக்கொண்டிருந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி, வயிற்றை வளைத்து இலையின் அடிப்புறத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குத் தாவியது. மொத்தம் நான்கு முட்டைகள். இரண்டு ஆண்டுகளாக வெட்சியும் உண்ணிப்பூவும் மட்டுமே வளர்த்து, தேன் குடிக்க வந்தவற்றைக் கேமராவோடு துரத்திக்கொண்டிருந்தேன். பெரும்பாலான படங்களில் ஒரு சிறகின் விளிம்பே மிஞ்சியது. புழுவுக்குத் தீனியாகும் செடி இருந்தால் தாய்ப்பூச்சி அங்கேயே நின்று நிதானமாக வேலை பார்க்கும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

இந்தத் தொட்டியை வீட்டு வாசலில்தான் வைப்பதாக இருந்தேன். "வீட்டில் எருக்கு முளைக்க என்று சபிப்பார்களே, நீயே கொண்டுவந்து வைக்கிறாயா?" என்று அம்மா தடுத்துவிட்டதால் அது பத்தாவது மாடியிலிருந்து கீழே இறங்கியது. நல்லதாயிற்று.

மே 7

மூன்று முட்டைகள் பொரிந்துவிட்டன. புழு வெளியே வந்ததும் முதலில் தின்றது தன் முட்டை ஓட்டைத்தான்.

மே 10

ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி, தானியம் தூவினால் பறவைகள் தாமே வருமே என்றான். 2020 ஜூன் முதல் இங்கே அனுமதியின்றிக் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். அமாவாசைதோறும் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீர்த் தட்டு வைக்கவும் எனக்கு மனமில்லை. நாள் தவறாமல் மாற்றாவிட்டால் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும்.

ஆகவே பூக்களை நம்பியே இருக்கிறேன். வெட்சிக்கு ஒரு முழத் தொலைவில் காய்ந்த குச்சி ஒன்றை நட்டு, அதன் பின்னால் தூரத்து மரநிழல் வருமாறு உட்கார்ந்தேன். ஆண் தேன்சிட்டு பூவுக்குப் போகுமுன் அந்தக் குச்சியில் இரண்டு விநாடி அமர்கிறது. அதன் தொண்டை நிழலில் வெறும் கறுப்பாகத்தான் தெரிகிறது. தலையைச் சூரியன் பக்கம் திருப்பும்போது மட்டும் நீலமாக மின்னுகிறது. அந்த நீலம் இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது என்பதால், வெளிச்சம் என் முதுகுப் பக்கமிருந்து வந்தாலொழிய படத்தில் விழாது. ஷட்டர் வேகம் 1/1000 விநாடி. நாற்பது படங்களில் இரண்டு தேறின.

மே 13

பக்கத்துப் பாத்தியில் சீனப் பெரியவர் வளர்க்கும் எலுமிச்சையில், பறவை எச்சம் போலவே தோற்றமளிக்கும் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுக்கள் ஐந்து இருந்தன. இன்று போய்ப் பார்த்தால் இலைகளெல்லாம் மருந்து வாடை. புழு ஒன்றுகூட இல்லை. நாள் முழுவதும் எனக்குக் கோபம். ஆனால் செடி அவருடையது. பழத்துக்காக வளர்க்கிறவரிடம் புழுவுக்காக வாதாட எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் பார்த்தார்.

மே 15

எருக்கில் இப்போது இரண்டு புழுக்களே எஞ்சியுள்ளன. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளுடன் நன்கு பருத்துவிட்டன. மேக்ரோ லென்ஸ் வழியே ஒன்றை அரைமணி நேரம் பார்த்தேன். அது இலையைத் தின்னத் தொடங்கவில்லை. முதலில் நரம்பைக் கடித்துப் பால் வடியவிட்டது. அதன் பிறகு வெட்டுக்கு அப்பால், பால் வராத பகுதிக்குப் போய் மேய ஆரம்பித்தது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று நாம் அஞ்சுகிறோம். இதுவோ குழாயை அடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறது.

மே 18

ஒரு புழு தண்டில் தலைகீழாக வளைந்து தொங்குகிறது. மற்றதைக் காணவில்லை.

மே 19

பச்சைக் கூட்டுப்புழு. மேல்பகுதியில் கறுப்பும் பொன்னுமாக மணி கோத்தாற்போன்ற ஒரு வரி.

மே 21

மழை. படமில்லை.

மே 25

நேற்று மாலையே கூடு கறுத்து, உள்ளிருந்த சிறகின் ஆரஞ்சு நிறம் தெரிந்ததால், இன்று ஏழேகாலுக்கே கேமரா முக்காலியுடன் காத்திருந்தேன். ஓடு பிளந்து பூச்சி வெளியே வந்தபோது, சிறகுகள் ஈரத் துணியைக் கசக்கிப் பிழிந்ததுபோல் இருந்தன. கூட்டைப் பற்றித் தொங்கியபடியே அவற்றை மெல்ல மெல்ல விரித்தது. சிறகு உலரும்வரை பறக்க இயலாது என்பதால், கேமராவைச் சிறகுக்கு இணையாக நிறுத்தி, எஃப் 8 லென்ஸ் துளையளவில் நுனி முதல் நுனி வரை கூர்மையாக எடுக்கப் போதிய நேரம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் இப்படி ஓர் அவகாசம் கிடைத்ததில்லை.

அது பறந்த பிறகுதான், பின்னால் சீனப் பெரியவர் நின்றிருந்ததைக் கவனித்தேன். தம் எலுமிச்சைத் தொட்டிகளுள் ஒன்றை இழுத்து வந்து எருக்கின் அருகே வைத்தார். மற்றத் தொட்டிகளைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, என்னிடம் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.