ஹோர்மோன் ஊசி கேட்பதற்கு முன்னால்

ஐம்பது தாண்டி ஆண்மையில் தளர்வு தெரிந்தால் "ஹோர்மோன் குறைஞ்சு போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவது உண்மைதான். நடுவயதிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் இறங்குகிறது. ஆனால் விறைப்புக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் அதுவல்ல, இரத்தக்குழாய்.

ஆசையே வற்றி, விடியற்காலை விறைப்பும் நின்று, உடம்பும் சோர்ந்திருந்தால் ஹோர்மோனைச் சந்தேகிக்கலாம். ஆசை இருந்தும் உறுப்பு விறைக்கவில்லையென்றால் சீனி, பிரஷர், கொழுப்பு, சிகரெட் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் குழாய் 1 முதல் 2 மில்லிமீற்றர். இதயத்தினுடையது 3 முதல் 4. சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் புதிதாக வரும் தளர்வு, சில வருடங்களில் வரக்கூடிய மாரடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைப்பது இதனால்தான் ஆபத்து.

கிளினிக் கொப்பியையும் ஒருமுறை புரட்டுங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அட்டினலோல், ஹைட்ரோகுளோரோதயசைட், ஸ்பைரோனோலக்டோன், மனச்சோர்வுக்கான சில குளிசைகள் விறைப்பையோ ஆசையையோ குறைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டினலோலைத் திடீரென்று விட்டால் இதயம் தடுமாறும். டொக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது.

இரத்தப் பரிசோதனையைச் சரியான நேரத்தில் செய்யாவிட்டால் காசு வீண். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டும். பின்னேரத்தில் அளவு தானாகவே இறங்கியிருக்கும். டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் உறக்கத்தில் சுரப்பது. யானைக்குப் பயந்து வயல் வாடியில் இரவு முழுக்கக் காவலிருந்துவிட்டு அப்படியே வந்து இரத்தம் கொடுத்தால் குறைவாகத்தான் காட்டும். டெங்கு, காய்ச்சல் என்று கிடந்து எழும்பியவரும் சில வாரம் பொறுக்கவேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் திரும்பச் செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. றிப்போட்டில் அலகைப் பாருங்கள்: ஒரு லீற்றருக்கு 12 நனோமோலுக்கு மேல் என்றால் பிரச்சினை ஹோர்மோனில் இருக்க வாய்ப்புக் குறைவு. 8க்குக் கீழ் என்றால் மூளையடிச் சுரப்பி சுரக்கும் எல்.எச்., புரோலக்டின் என்ற ஹோர்மோன்களின் அளவைப் பார்த்து, கோளாறு விதையிலா மூளையடிச் சுரப்பியிலா என்று கண்டுபிடிக்கவேண்டும். இடைப்பட்டவர்களில் பலருக்கு வயிற்றுச் சதையைக் குறைத்தாலே அளவு ஏறும்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விதை தன் வேலையைக் குறைத்துவிடும், விந்தணுவும் இறங்கும். இரத்தம் தடிக்கும்; ஹிமற்றோகிறிற் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்தியே ஆகவேண்டும். புரஸ்டேட் புற்றுநோய் உள்ளவர், நிபுணர் சொல்லாமல் தொடவே கூடாது.

விறைப்புக்கான குளிசை சில்டெனாஃபில் வேறு வகை; அது ஹோர்மோன் அல்ல. வழமையாக 50 மில்லிகிராம், 65 வயது தாண்டியவருக்கு 25 போதும், சேர்க்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன். கொத்தும் புரியாணியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை தொடங்கப் பிந்தும். "குளிசை பிடிக்கவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆசை எழாமல் குளிசை மட்டும் ஒன்றும் செய்யாது.

நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை, ஐசோசோர்பைட் போன்ற நைத்திரேற்று எதையும் எடுப்பவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. பிரஷர் ஒரேயடியாக விழுந்து உயிரே போகலாம். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சில்டெனாஃபில் போட்டு 24 மணித்தியாலத்துக்குள், அதே வகைக் குளிசையான தடாலபில் என்றால் 48க்குள் இருந்தால், கேட்காமலே சொல்லவேண்டும். சிறுநீர் அடைப்புக்குப் பிரசோசின், தம்சுலோசின் எடுப்பவரும் டொக்டரைக் கேட்டுத்தான் தொடங்கவேண்டும். லேகியம், "மூலிகைக் குளிசை" என்று பார்சலில் வருபவற்றில் சில்டெனாஃபிலையே அளவு தெரியாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதய நோயாளிக்கு அது நஞ்சு. விறைப்பு 4 மணித்தியாலம் தாண்டியும் இறங்காவிட்டால் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மனைவியின் பக்கத்தையும் பாருங்கள். மாதவிடாய் நின்றபின் உள்ளே வறட்சி வந்து, சேர்க்கை அவருக்கு எரிச்சலாகலாம். அவர் தள்ளிப்போவதை ஐயா தன் குறையாக எடுத்துக்கொள்வார். பாமசியில் கிடைக்கும் நீர் கலந்த வழுவழுப்பு ஜெல் போதாவிட்டால், பெண் நோயியல் கிளினிக்கில் ஈஸ்ட்ரோஜன் கிறீம் பற்றி இருவருமாகப் போய்க் கேட்கலாம்.