ஐந்தடி உயரத்தில்

பிப்ரவரி 4

ஹோவர் பாடம் தொடங்கியாயிற்று. தரைக்கு மேலே ஐந்தடியில் ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் மூக்கைத் திருப்பும் கால் பெடல் மட்டும் என் பொறுப்பு. மற்ற இரண்டு கட்டுப்பாடுகளும் பயிற்சி தரும் சாரிடம். தூரத்துக் கம்பத்துக்கு நேராக மூக்கை வைத்தேன், நின்றது. அப்புறம் இடது கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல். தூக்கினால் ஏறுகிறது, தாழ்த்தினால் இறங்குகிறது. இன்ஜின் சுற்றை கவர்னர் என்ற தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்கிறது. "பரவாயில்லையே" என்றார் சார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சைக்ளிக், அதாவது எந்தப் பக்கம் நகர்வது என்பதைத் தீர்மானிக்கும் தண்டு, நாளைக்காம்.

பிப்ரவரி 5

நாங்கள் ஓட்டும் ஆர்22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டரில் இருவருக்கும் நடுவே ஒரே சைக்ளிக் தண்டுதான். அதன் தலையில் குறுக்கே ஒரு கைப்பிடி, சீசா பலகை மாதிரி. என் முனை தொடையருகே தாழ்ந்தால் சாரின் முனை நெஞ்சு உயரத்துக்குப் போய்விடும். அப்படித் தூக்கிய கையோடுதான் அவர் பாடமே நடத்துகிறார்.

என் கைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அது அவர் வைத்துவிட்டுப் போன மிச்சம். மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. இடப்பக்கம் தள்ளினேன், ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். இரண்டு தள்ளலும் சேர்ந்து வேலை செய்ய, வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. வலப்பக்கம் இழுத்தேன், அதைவிட வேகமாக வலப்பக்கம் போயிற்று. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றார். உடனே எல்லாம் அடங்கிவிட்டது. அதே காற்று, அதே எடை, அவர் பிடித்திருந்ததோ இரண்டே விரலால். அதுதான் வயிற்றெரிச்சல்.

இறங்கியபின் விளக்கினார். சைக்ளிக்கை அசைத்ததும் ரோட்டார் வட்டு, அதாவது தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளின் வட்டம், உடனே சாய்ந்துவிடும். கீழே தொங்கும் உடல் சாய்ந்து, வேகம் பிடித்து, நம் கண்ணுக்குத் தெரியக் கொஞ்சம் தாமதமாகும். கொடுத்ததன் பலன் தெரிவதற்குள் அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 8

காற்று அதிகம், பாடம் இல்லை. இகோர் சிகோர்ஸ்கியைப் பற்றிப் படித்தேன். 1913இலேயே நான்கு இன்ஜின் விமானம் ஓட்டியவர். 1939 செப்டம்பர் 14 அன்று தன் விஎஸ்-300 ஹெலிகாப்டரை முதலில் கிளப்பியபோது, அதைத் தரையோடு கட்டிவைத்துத்தான் கிளப்பியிருக்கிறார். கட்டு இல்லாமல் பறந்தது 1940 மே 13. அவருக்கே எட்டு மாதம்! மனசு கொஞ்சம் ஆறியது.

பிப்ரவரி 11

"புல்லைப் பாக்காதீங்க, அந்த மரவரிசையைப் பாருங்க." இன்று முழுக்க இதே பாட்டு. பக்கத்துப் புல்லைப் பார்த்தால் ஓர் அங்குல நகர்வும் பூதாகரமாகத் தெரிந்து கை பதறுகிறது. தூரத்தில் பார்த்தால் வண்டி நகருமுன் மூக்கு ஏறுவதோ தாழ்வதோ தெரிந்துவிடும். முன்கையைத் தொடையில் ஊன்றி விரல்களால் மட்டும் அசைக்க வேண்டும். என் தோள் காதுவரை ஏறியிருந்தது. "ஷூவுக்குள்ள கால் விரலை ஆட்டுங்க" என்றார். இதென்ன வைத்தியம் என்று நினைத்துக்கொண்டே ஆட்டினேன். கைப்பிடியில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

பிப்ரவரி 15

மூன்றும் சேர்ந்து. இங்கேதான் ஆளை உரித்துவிடுகிறது. ரோட்டார் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கலெக்டிவைத் தூக்கினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், இடது பெடல் வேண்டும். பெடலை அழுத்தினால் வால் ரோட்டாரின் உந்தல் கூடி மொத்த வண்டியும் வலப்பக்கம் நகரும், சைக்ளிக்கை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்த்தால் உயரம் கொஞ்சம் குறையும், மறுபடி கலெக்டிவ். ஒன்றைத் தொட்டால் மூன்றையும் தொட்டாக வேண்டும்.

ஒழுங்கான ஹோவரில் இடது ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இருக்கும் சட்டம்) சற்றுத் தாழ்ந்தேதான் தொங்கும். கண்ணுக்கு உறுத்துகிறதே என்று மட்டமாக்கினால் வலப்பக்கம் ஓடிவிடும்.

பிப்ரவரி 17

மோசம். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20

நின்றது. சார் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்தார் (பார்ப்பது போலிருந்தார், சந்தேகமில்லை). கொஞ்சம் அலைந்தது, ஆனால் ஓடிப்போகவில்லை.

சரி என்று பெடலால் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். எதிர்க்காற்று பக்கக்காற்றாகி, அப்புறம் முதுகுக்கு வந்தது. அதைத் தாண்டியதும் வால் காற்றோடு போகப் பார்த்து, திருப்பம் தானாகவே வேகமெடுத்தது. வலது பெடல் கொடுப்பதற்குள் அவருடைய கால் வந்துவிட்டது. நாளை இதையே கால் வட்டம் கால் வட்டமாக நிறுத்திச் செய்யப் போகிறோம். காற்று எழுவதற்கு முன், விடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.