எவ்வளவுன்னு சொல்லோணுங்க?

"ஏனுங்க சார், அப்ப எவ்வளவுன்னு சொல்லோணுங்க?"

வருமானம் வரம்பைத் தாண்டுகிறது, கையெழுத்துப் போட முடியாது என்று கிராம நிர்வாக அலுவலரான (வி.ஏ.ஓ.) நான் சொன்னதும் அந்த அம்மா கேட்டது இது. கோபத்தில் கேட்கவில்லை. படிவத்தில் எந்த இடத்தில் கைநாட்டு வைப்பது என்று கேட்கிற குரல்தான். நான் பதில் சொல்லாமல், பக்கத்தில் நின்றவரின் நிலச் சிட்டாவை வாங்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. காப்பீட்டுப் படிவம் மேசைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் அதே வரம்புதான். 2012-ல் திட்டம் தொடங்கியபோது 72,000 என்று வைத்தார்கள். அது உயர 2022 ஆனது. வருமானத்துக்கு வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டால் அட்டை, அட்டை இருந்தால் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா தோட்ட வேலைக்குப் போகிறார், மாதம் ஆறாயிரம் வரும் என்றார். "வேற யாரும்மா வேலைக்குப் போறாங்க?" என்று கேட்டேன். "பையன் பனியன் கம்பெனிக்குப் போறானுங்க, பதினோராயிரம்" என்று சொல்லி, மஞ்சப்பையிலிருந்து சம்பளச் சீட்டையும் எடுத்து வைத்தார். நாலாக மடித்து, மடிப்பில் நைந்துபோயிருந்தது. பி.எஃப். பிடித்தம் வரைக்கும் அதில் இருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை.

"வருசத்துக்கு ரெண்டு லட்சம் தாண்டுதும்மா. என்னால போட முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க." அங்கேயும் ஸ்டென்ட் என்றால் அட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அன்று காலையில்தான் இன்னொருவருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். "கூலிதானுங்க சார், ஒரு லட்சம்னு போட்டுக்கங்க" என்றார். டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர், மாடி வீடு. வண்டியும் நிலமும் அவர் பெயரில் இல்லை. மறுத்தால் எந்தக் காகிதத்தைக் காட்டி மறுப்பது?

பொய்ச் சான்று கொடுத்தால் 17(பி) ஒழுங்கு நடவடிக்கை வரும், வேலையே போகலாம். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் காலையில் போட்ட கையெழுத்துக்கு இந்தப் பயம் ஏன் வரவில்லை? யோசித்துப் பார்த்தால், நான் வருமானத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் என்னை மாட்டிவிடுகிற சீட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். கூலிக்குச் சீட்டு கிடையாது, வாடகைக்கும் கிடையாது. கம்பெனியில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிற பையன்தான் சிக்குகிறான்.

வேற யார் வேலைக்குப் போகிறார்கள் என்று நான் கேட்டிருக்கவே வேண்டாம் என்று சில நாள் தோன்றும். கேட்காமல் விடுவதற்கு அப்புறம் விசாரணை என்று பெயர் எதற்கு என்று இன்னொரு நாள் தோன்றும். விதியை எல்லோரிடமும் ஒரே மாதிரி பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஒரே மாதிரி பார்த்தால் எங்கள் ஊரில் கிணற்று வேலைக்குப் போகிறவரும் தறி ஓட்டுகிறவரும்கூடப் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். புருசனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போனாலே பத்தாயிரம் தாண்டிவிடும்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தார். அதுவரை வீட்டுக்காரருக்கு மாத்திரைதான். புதுப் படிவம், கூடவே ரேஷன் கார்டு நகல். முன்பு மூன்று பேர் இருந்த கார்டில் இப்போது இரண்டு பேர்.

"பையன் பேரை எடுத்துட்டமுங்க சார்."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பையன் எங்கே இருக்கிறான் என்றும் கேட்கவில்லை. 72,000 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தேன். காகிதப்படி எல்லாம் சரியாக இருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அந்தப் பையன் டி.வி.எஸ். வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்ததும், ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.