கால் இஞ்ச் வாட்டம்

எங்கள் வீட்டு பாத்ரூம் நாலடிக்கு ஆறடி. குளித்துவிட்டுத் துண்டை உதறினால் ஒரு முனை சுவரில் அடிக்கும், மறுமுனை பக்கெட்டுக்குள் போகும். கோவையில் சிங்காநல்லூர் பக்கம் மாமனார் தொண்ணூறுகளில் கட்டிய வீடு, கீழே வழவழவென்று சிமெண்ட் தரை, சுவரில் நாலடிக்குச் சிமெண்ட் பால், அதற்கு மேல் சுண்ணாம்பு, தகரம் அடித்த மரக்கதவு. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அது மோசம் என்றே எனக்குத் தோன்றவில்லை. போன வருடம் ஒரு நாள் காலையில் அத்தை உள்ளே வழுக்கி, சட்டென்று குழாயைப் பிடித்துக்கொண்டார். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, குழாய்தான் கையோடு வந்துவிட்டது. அந்த ஜிஐ இரும்பு பைப்பின் வாயைப் பார்த்தால் உள்ளே உப்பு படிந்து படிந்து, சுண்டுவிரல்கூட நுழையாது. எங்கள் பக்கம் குடிக்க நல்ல தண்ணி, குளிக்கத் துவைக்க போர் தண்ணி. போர் தண்ணி முப்பது வருடமாகச் செய்த வேலை அது.

இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 70,000 சொன்னார், இன்னொருவர் 85,000. எங்களிடம் இருந்தது 25,000. கூலி பாதிக்கு மேல் வருகிறது என்று தெரிந்ததும், சரி, நாமே செய்து பார்க்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன், வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு முடிவு மட்டும் முதலிலேயே எடுத்தோம். கம்மோட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதை ஓரடி நகர்த்தினாலும் கீழே போகிற நாலு இஞ்ச் பைப்பைத் தோண்ட வேண்டும், அதோடு பட்ஜெட் காலி. கீசர் லைனுக்கு எலக்ட்ரீஷியன்தான், ஈரத்துக்கும் கரண்டுக்கும் நடுவில் நாங்கள் போகமாட்டோம். அவரும் வந்து, எர்த்தைச் சோதித்து, ரொம்ப நாளாகப் போடாமல் விட்டிருந்த, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்றையும் மெயினில் போட்டுவிட்டுப் போனார் (அது வீட்டுச் செலவு, பாத்ரூம் கணக்கில் சேர்க்கவில்லை!).

ஆயுத பூஜை லீவில் ஆரம்பித்தோம். நாலு நாள் என்று நினைத்தது பதிமூன்று நாள் ஆனது. வெளியே கொல்லையில் இன்னொரு பாத்ரூம் இருந்ததால் பிழைத்தோம், இருப்பதே ஒன்று என்றால் தயவுசெய்து இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பழைய தரை மேலேயே டைல் ஒட்டிவிடலாமே, எதற்கு உடைக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். ஒட்டலாம்தான். ஆனால் பாத்ரூம் தரை எப்போதும் வெளித்தரையைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும், எங்களுடையது ஏற்கெனவே கிட்டத்தட்ட சமம். மேலே கலவையும் டைலும் போட்டால் குளிக்கிற தண்ணீர் ஹாலுக்கு வந்து டிவி பார்க்கும். அதனால் உளி, சுத்தியல், கடப்பாரை. மாஸ்க், கண்ணாடி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், சிமெண்ட் தூசி மூக்கில் மட்டும் நிற்காது, இரண்டு ரூம் தள்ளி இட்லித் தட்டில் வரைக்கும் இருந்தது. உடைத்தது மொத்தம் 22 மூட்டை. ஒரு குட்டியானை பிடித்து ஏற்றி அனுப்ப 1,200 ரூபாய், இந்தச் செலவை நாங்கள் எழுதவே மறந்திருந்தோம்.

உடைத்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்துப் பூத்துப்போய் உதிர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு தடவை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லை. இங்கே தண்ணீர் வெளியே போகிற நானி ட்ராப்பைச் சுற்றி ஒரு விரல் அகல இடைவெளி. இத்தனை வருடம் குளித்த தண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாகச் சுவருக்குள் போயிருக்கிறது.

ப்ளம்பர் இரண்டு நாள் வந்தார். சுவரை வெட்டிப் பைப்பைப் புதைக்க வேண்டாம், வெளியே கிளாம்ப் அடித்து விடுங்கள் என்றேன், அழகு இல்லை என்று முகம் சுளித்தார். இருக்கட்டும். உப்புத் தண்ணி ஊரில் பைப் வெளியே இருந்தால் நாளைக்குக் கழற்ற நாலு ஸ்க்ரூ போதும். சுடுதண்ணி லைனுக்கு மட்டும் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப், மற்றதற்கு விலை குறைந்த யுபிவிசி.

இனிதான் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தரையில் விடுகிற சரிவு. எங்கள் தெருவில் வேலையை விட்டுவிட்ட பெரிய மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், காலையில் பால் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். "அம்மிணி, டைல் ஒட்டறதெல்லாம் ஒரு வேலையே இல்ல. வாட்டம் விடோணும், அதுதான் வேலை" என்றார். அடிக்குக் கால் இஞ்ச் கணக்கு. கதவோரம் இருந்து எதிர் மூலையில் உள்ள ட்ராப் வரை ஆறடி, அப்படியென்றால் ஒன்றரை இஞ்ச் இறங்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூபில் மட்டம் பிடித்துச் சுவர் நாலு பக்கமும் பென்சில் கோடு போட்டு, நூல் கட்டி, அதன்படி எம்-சாண்ட் கலவையை இழுத்தோம். காய்ந்த பிறகு கோலிக்குண்டை எந்த மூலையில் விட்டாலும் ட்ராப்புக்கே ஓடி வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், இரண்டு கை, முதல் கை நீளவாக்கில், காய்ந்ததும் இரண்டாவது குறுக்கே, சுவரிலும் ஓரடி ஏற்றி. அப்புறம் ட்ராப்பைத் துணியால் அடைத்து கசிகிறதா என்று பார்க்க இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டோம். பைப், ட்ராப், கோட்டிங், ப்ளம்பர் கூலி எல்லாம் சேர்த்து 7,350. டைலுக்கு ஆனது 4,230தான், கடைக்காரர் பின்பக்கம் அடுக்கி வைத்திருந்த பழைய குஜராத் மோர்பி ஸ்டாக், ரகத்துக்கு ஐந்து பெட்டி என்று மிஞ்சிக் கிடப்பவை. சுவருக்கு எது மலிவோ அது, தரைக்கு மட்டும் சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட். மேஸ்திரி டைலை ராத்திரியே தண்ணீரில் ஊறப் போடச் சொன்னார். நாங்கள் வாங்கிய பசை மூட்டையில் ஊற வைக்காதே என்று போட்டிருந்தது. முதல் தடவையாக அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை கேட்காததுதான் வினை. தரை டைல் ஒட்டும்போது வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய ரசமட்டத்தை ஒவ்வொரு டைல் மேலும் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் வந்து நின்றால் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம், ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி நடுவுக்கே கொண்டுவந்தோம். கதவோரம் ஆறு டைல் முடித்த பிறகும் உறைக்கவில்லை. தரை மட்டமாக இருக்கிறது என்று குமிழி சொல்கிறது, எங்களுக்கு வேண்டியதோ மட்டம் இல்லாத தரை. மறுநாள் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஓடிப்போய், கதவு மூலையில் மட்டும் குளம். மேஸ்திரி வந்து பார்த்தார், சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறையும் பெயர்த்தோம், ஐந்து உடைந்தன, கூடவே கோட்டிங்கும் திட்டுத்திட்டாக வந்தது, அதை மறுபடி பூசி, காய விட்டு, ஒட்டினோம். கையில் மீதம் நாலுதான். கடையில் அந்த ரகம் தீர்ந்துவிட்டது. கடைசி ஒன்றுக்கு மொட்டைமாடியில் துளசித் தொட்டிக்கு அடியில் கிடந்த பழுப்பு டைலைக் கழுவி எடுத்து வந்தேன், அது வழுக்கும் என்பதால் எப்போதும் பக்கெட் நிற்கிற இடத்தில் போட்டோம்.

தரை டைல் இடுக்கை அடைக்க மட்டும் எபாக்ஸி பசை வாங்கினேன், 750 ரூபாய், கொஞ்சம் வலித்தது. ஆனால் அத்தை சனிக்கிழமை தவறாமல் உப்புக் கறை போக ஆசிட் ஊற்றுவார், சிமெண்ட் கலந்த சாதாரண பவுடர் என்றால் அது அரித்துக்கொண்டே போகும். பிளாஸ்டிக் கதவு, குழாய்கள், ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் சேர்த்துக் கடைசிக் கணக்கு 25,720.

படுக்கையறைச் சுவருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. உதிர்ந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, ஈரம் தெரிகிற எல்லையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு கோடு. இப்போது மூன்று கோடு இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாக, கடைசிக் கோடு ஒரு தோசை அளவுக்கு வந்திருக்கிறது.